பறக்கக்கூடிய சாமான்

ராத்தாவுக்கு உலகத்தில் இரண்டே வகைச் சாமான்கள்தான். ஒன்று பறக்கக்கூடியது. மற்றது பறக்காதது. ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது யாருடையது, எதற்கு ஆகும் என்றெல்லாம் பார்க்க மாட்டார். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் இலேசாக ஆட்டுவார். "இது பறக்கும்" என்பார். இல்லாவிட்டால், "இது ஈக்கும். வெச்ச எடத்திலயே ஈக்கும்" என்பார். இருக்கும் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். அவ்வளவுதான் தீர்ப்பு.

முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியை ராத்தா என்று கூப்பிடுவார்கள். எங்கள் கட்டடத்தில் சிங்கள ஆட்களும் தமிழ் ஆட்களும் அதையே அவருக்குப் பெயராக எடுத்துக்கொண்டோம். காலையில் பிலிமத்தலாவையிலிருந்து பஸ் ஏறி வருவார். விளக்குமாற்றுக் குச்சி போல உடம்பு. காற்று பலமாக அடிக்கிற நாளில் முதலில் அவரைத்தான் கட்டிவைக்க வேண்டும் என்று கேன்டீனில் சிரிப்போம்.

"நான் பறக்க மாட்டன் புள்ள. என்ட வாய் கனம்" என்பார்.

நாங்கள் வேலை செய்தது கண்டி டவுனில் ஒரு கம்பனிக் கட்டடம். நான் கேன்டீனில் தேத்தண்ணி போடுகிறவள். முதலாளி கொழும்பில் இருந்தார். கடுகண்ணாவை மலையில் வளைந்து வளைந்து காரில் ஏறி வந்தால் அவருக்கு வயிற்றைப் புரட்டுமாம். அதனால் மொட்டை மாடியில் ஹெலிகொப்டர் இறங்க இடம் கட்டிவிட்டார். வட்டமாக மஞ்சள் கோடு, நடுவில் பெரிய வெள்ளை எழுத்து, ஓரத்தில் சுற்றிவரக் கம்பி வலை. நாங்கள் அதைத் தட்டு என்போம். அந்தத் தட்டில் ஒரு தூசி இல்லாமல் வைத்திருப்பது ராத்தாவின் வேலை. ஹெலி இறங்கும்போது அடிக்கிற காற்று பொல்லாதது. ஒரு சொப்பிங் பை கிடந்தால்கூடப் போதும், அதைத் தூக்கி விசிறிக்குள் இழுத்துக்கொள்ளும், உள்ளே இருப்பவர்களின் உயிருக்கு ஆபத்து என்று ஆரம்பத்தில் யாரோ ராத்தாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் மறந்திருப்பார். ராத்தா மறக்கவில்லை.

முதல் நாள் நான் கோப்பைகளோடு மேலே போனேன். படியின் உச்சியில் கதவை மறித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசாமல் என் முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகி, தன் சட்டைக் கையிலிருந்து ஊசி எடுத்துக் குத்தினார். பிறகு என் தலையைப் பார்த்தார். நான் கனகாம்பரம் வைத்திருந்தேன்.

"பூவ இங்க வெச்சிட்டுப் போங்க தங்கச்சி. எறங்கக்க எடுத்துக்கலாம்."

புது ஆட்களோடு எனக்குப் பேச்சு வராது. மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது என் பூச்சரம் படியோரத்தில் அப்படியே இருந்தது. அது பறந்துபோகாமல் அதன் காம்பின்மேல் ஒரு சின்ன உருண்டைக் கல் வைத்திருந்தார். பூ நசுங்காத இடமாகப் பார்த்து வைத்திருந்தார்.

அந்தக் கற்கள் பேராதனைப் பாலத்தடியில் மகாவலிக் கரையில் பொறுக்கியவை. ஒரு துணிப் பையில் எப்போதும் வைத்திருப்பார். எங்கே போனாலும் பை கூடவே போகும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பிள்ளை பாடக் கொப்பியைத் திறந்தால், "ஜன்னல சாத்துங்க மகள், படிப்பு பறந்திரும்" என்பார். சாவு வீட்டுக்குப் போனால் கதிரையில் கிடக்கும் பத்திரிகைமேல் ஒரு கல் வைத்துவிட்டுத்தான் அழ ஆரம்பிப்பார். ஒருமுறை பெருநாளுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் கலண்டருக்கு நாலு மூலையிலும் ஆணி. மாதம் மாறினால் தாள் கிழிக்க முடியாது. வருடம் முழுக்க ஜனவரிதான்.

"தேதி எப்படிப் பாக்குறது ராத்தா?"

"தேதி பக்கத்து வீட்டுல ஈக்கிதானே" என்றார்.

முதலாளியோடு பெரிய பெரிய ஆட்கள் வருவார்கள். போகும்போது அவர்களும் ராத்தாவின் கதவைக் கடந்துதான் போகவேண்டும். தொப்பியைக் கழற்றச் சொல்வார். சால்வையைச் சுருட்டிக் கையில் கொடுப்பார். ஒருநாள் ஒரு கனவான் வந்தார். கோட்டு, பளபளக்கும் சப்பாத்து, வாரிவிட்ட கறுத்த முடி. ராத்தா அவர் தலையை வெகுநேரம் பார்த்தார். எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு மெல்ல அருகில் போய்க் காதில் ஏதோ சொன்னார். கனவானின் முகம் சிவந்தது. விறுவிறு என்று கீழே கழிவறைக்குப் போனார். திரும்பி வந்தபோது தலை முட்டை போல மின்னியது. கையில் ஒரு பொட்டலம். ஏறப்போகும் நேரம் ராத்தாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன சொன்னீங்க ராத்தா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்ல. அது பறக்கும் ஐயா, போனா லேக்குலதான் போய் வுழும் எண்டன்."

வாரத்துக்கு ஒருமுறை வந்த ஹெலி மாதத்துக்கு ஒருமுறை ஆனது. பிறகு பெரஹராத் திருவிழாக் காலத்தில் மட்டும். கூட்டங்களைக் கம்பியூட்டரில் முகம் பார்த்தே நடத்தப் பழகிவிட்டார்கள். பிறகு எண்ணெய் இல்லாத காலம் வந்தது. த்ரீவீல்களே வரிசையில் நின்று தவம் கிடந்தபோது ஹெலிக்கு எங்கே போவது? மேலே நெருப்பணைக்க நின்றவரை வேறு வேலைக்குப் போட்டார்கள். கைகாட்டி ஹெலியை இறக்குகிற செக்கியூரிட்டியைக் கீழ் வாசலுக்கு அனுப்பினார்கள். ராத்தா மட்டும் மிஞ்சினார். மழைக்கு வெள்ளை எழுத்தில் பாசி பிடித்தது. ஓரத்து விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கம்பி வலையில் துரு. காற்று எந்தப் பக்கம் என்று காட்டுகிற நீளத் துணிப் பை ஒன்று கம்பத்தில் தொங்கும். அதைக் குரங்குகள் இழுத்துக் கிழித்துக்கொண்டு போய்விட்டன. ராத்தா என்னிடம் இரண்டு பழைய குடைகளைக் கொண்டுவந்தார்.

"ஒங்களுக்குத் தைக்கத் தெரியும்தானே. ஒரு காத்துப் பை தெச்சித் தாங்க."

ஒன்று சிவப்புக் குடை, மற்றது பூப்போட்டது. தைத்துக் கொடுத்தேன். கம்பத்தில் அது ஏறி ஆடியதும் கீழே தெருவில் போகிறவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். பொம்பிளைப் பிள்ளையின் பாவாடை மாதிரி இருக்கிறது என்று செக்கியூரிட்டி சிரித்தார். "பாவாடயோ என்னமோ, காத்த ஒழுங்காக் காட்டுதில்லயா?" என்றார் ராத்தா.

அந்த வருட நடுவில் மனேஜர் வந்து சொன்னார். கண்டிச் சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசுவார். ராத்தாமேல் அவருக்கு அன்பு உண்டு. அதனால் நேராக முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ராத்தா, கொழும்பில முடிவு எடுத்திட்டாங்க. வருசம் முடியிறதுக்குள்ள ஹெலி ஒருக்காவது இறங்கினா தட்டு இருக்கும். இல்லாட்டி இங்க சோலார் பலகை பூட்டுவாங்க."

"பலக வந்தா எனக்கு இங்க என்ன வேல?"

மனேஜர் படியிறங்கிப் போனார்.

அன்றிலிருந்து ராத்தாவின் காது வானத்தில்தான். கேன்டீனில் மிக்சி ஓடினால் எழும்பி நிற்பார். "ஒருக்கா எறங்கட்டும் புள்ள. ஒரே ஒருக்கா" என்பார். தட்டை முன்னைவிட அதிகமாகக் கூட்டினார். பாசியைத் தேங்காய்மட்டையால் தேய்த்து எழுத்தை வெள்ளையாக்கினார். நாங்களும் அவரோடு சேர்ந்து காத்திருந்தோம்.

இந்த நேரத்தில்தான் என் கடைக்குட்டி மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை கலஹாப் பக்கம், தேயிலைத் தோட்டத்து ஆட்கள். தாலி கட்டக் கோயில் இருக்கிறது. சாப்பாடு எங்கே போடுவது? மஹியாவையில் எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு குசினியும். நான் யாரிடம் கேட்பேன்? கேட்கிற வாய் எனக்கு இல்லை. தேத்தண்ணி ஊற்றும்போது என் முகத்தைப் பார்த்தே ராத்தா கண்டுபிடித்துவிட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் இழுக்க, என் கையைப் பிடித்துக்கொண்டு மனேஜர் அறைக்குள் போனார்.

"இந்தப் புள்ளட மகளுக்குக் கலியாணம். ஞாயித்துக்கெழம சாப்பாட்டத் தட்டுல போடப் போறம்."

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஹெலி வந்திட்டா?" என்று சிரித்தார் அவர்.

"வந்தா வரட்டும். பறக்கக்கூடிய சாமான் ஒண்டும் மேல வராது. அதுக்கு நான் பொறுப்பு."

அந்தப் பொறுப்பை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று காலையிலேயே படியின் உச்சியில் பையோடு நின்றார். பலூன் கட்ட வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார். கடதாசித் தோரணம் கிடையாது. மஞ்சள் வட்டத்துக்குள் எதையும் வைக்க விடாமல், ஓரத்தில் கதிரைகளை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டினார். மணமகளின் சேலைக்கு எத்தனை ஊசி குத்தினார் என்று அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். ஒவ்வொரு வாழையிலையின் நுனியிலும் ஒரு கல். அப்பளத்தைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"இது சரியாப் பறக்கும். எலயில வெக்கப்படாது. கையில குடுங்க. வாங்கின ஒடன கடிச்சிரணும்."

கலஹாவிலிருந்து வந்த சம்பந்தியம்மா வாய் ஓயாதவர். இலையில் உட்கார்ந்ததும் கல்லைத் தூக்கிப் பார்த்தார். "ஏங்க சம்பந்தி, அரிசியில இருக்கிற கல்லப் பொறுக்கித்தான் நாங்க சோறு ஆக்குவோம். கண்டியில கல்லத் தனியாவே பரிமாறுறீங்களே!"

பந்தி முழுக்கச் சிரித்தது. நான் சாம்பார் வாளிக்குப் பின்னால் ஒளிந்தேன். ராத்தா அசரவில்லை. "சிரிங்க சிரிங்க. காத்து வந்தா தெரியும்" என்றபடி சம்பந்தியம்மாவின் இலைக்கு இன்னொரு கல் வைத்தார்.

முதல் பந்தி பாதி. பருப்பும் கத்தரிக்காயும் போய், ரசம் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் நெஞ்சுக்குள் கேட்பது போல, டக் டக் டக் என்று. ராத்தாவின் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு அப்படியே நின்றது. ஹந்தானை மலைப் பக்கமிருந்து ஒரு புள்ளி வந்தது. புள்ளி பெரிதானது. எங்கள் ஹெலிதான். அதே நீலக் கோடு.

முன்பெல்லாம் வருவதற்குமுன் மனேஜருக்குப் போன் வரும். அன்று மனேஜர் எங்களோடு பந்தியில் இருந்தார். போன் கீழே மேசையில் கிடந்தது. ரசம் கலந்த கையோடு எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அவர் ராத்தாவைப் பார்த்தார். ஹெலி கட்டடத்தை ஒருமுறை சுற்றியது. பிறகு எட்ட நின்று ஆகாயத்திலேயே மிதந்தது. கைகாட்டுவதற்குக் காத்திருக்கிறது. எட்ட நின்றதற்கே காற்று வந்து மோதியது. என் குடைப் பை கம்பத்தில் நேராக நின்று துடித்தது. ஆனால் ஒரு இலை அசையவில்லை. ஒரு பூ உதிரவில்லை. கற்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ராத்தா எத்தனை வருடம் கண்ட கனவோ, அது அப்படியே இருந்தது. ஆட்களை மட்டும் எழுப்பிக் கீழே அனுப்பிவிட்டால் போதும்.

சிரித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா இரண்டு கையாலும் இலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை. ராத்தாவின் தோளைப் பிடித்தேன். "ராத்தா, நான் எல்லாரையும் எழுப்புறேன். கீழ போயிருவோம். உங்க ஹெலி வந்திருச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர். காற்றாலோ என்னவோ.

"என்ன கத பேசிறீங்க? சோத்துல கை வெச்ச மனிசர எழுப்பிறதா? எங்கட ஆக்கள்ளயும் அது இல்ல, ஒங்கட ஆக்கள்ளயும் அது இல்ல. இரிங்க. ஒருத்தரும் எழும்பப்படாது!"

பிறகு தட்டின் ஓரத்துக்கு நடந்து போனார். செக்கியூரிட்டி கைகாட்டுவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் பழக்கம். இரண்டு கையையும் முன்னால் கீழே குறுக்காக வைத்தால் இறங்கு என்று அர்த்தம். தலைக்குமேல் தூக்கி ஆட்டினால் இறங்காதே. ராத்தா கைகளைத் தலைக்குமேல் தூக்கினார். ஆட்டினார். நன்றாக, பெரிதாக, மலைக்கும் தெரியும்படி ஆட்டினார். ஹெலி சற்று நின்றது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டது.

திரும்பி வந்தவர் செம்பை எடுத்தார். "யாருக்குத் தண்ணி?" என்றார்.

இரண்டாம் பந்திக்கு இலை போடும்போது படிக்கதவுக்குப் பக்கத்து லிப்ட் திறந்தது. பொல்லை ஊன்றிக்கொண்டு முதலாளி வந்தார். எவ்வளவோ வயது போயிருந்தது. ஆற்றோரத்து மைதானத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு த்ரீவீலில் வந்திருக்கிறார். மனேஜர் அவசரமாகக் கையைத் துடைத்தார்.

"என்னை இறங்கவேணாம்னு கை காட்டினது யாரு?"

ராத்தாவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தில் நான் முன்னால் போய் நின்றேன். "எங்க மகள் கல்யாணமுங்க முதலாளி. நான்தான் இங்க பந்தி போட்டேன்." என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"அந்தப் புள்ள பந்தி போட்டிச்சி. கை காட்டினது நான்" என்றார் ராத்தா.

"ஆக்கள எழுப்பியிருக்கலாமே ராத்தா?"

"முதலாளி, ஒங்கள யாரும் சோத்துல இருந்து எழுப்பினா, அந்த வூட்டுக்குப் பொறகு போவீங்களா?"

முதலாளி பொல்லில் சாய்ந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி. எனக்கும் ஒரு இலை போடுங்க."

சம்பந்தியம்மா அவருக்கு இடம் ஒதுக்கினார். நான் இலை போட்டேன். ராத்தா வந்து நுனியில் கல் வைத்தார். முதலாளி கல்லையும் ராத்தாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கண்டி வழக்கமுங்க மொதலாளி" என்றார் சம்பந்தியம்மா, மிகவும் பக்தியாக. "மொதல்ல நானும் சிரிச்சேன். எடுத்துராதீங்க."

பாயாசம் வரும்போதுதான் முதலாளி அதைச் சொன்னார். இனிமேல் பறக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். தட்டில் கடைசியாக ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம் என்று வந்தாராம். ராத்தா வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப ஒங்கட கடைசி எறக்கத்த நான்தான் கெடுத்தனா?"

"அட, இல்ல. மேலால வந்து இறங்கின காலத்தில எல்லாம் எனக்குத் தேத்தண்ணிதான் குடுத்தீங்க. த்ரீவீல்ல வந்த அன்னைக்குத்தான் சோறு கெடச்சது. அந்தக் கத்தரிக்காய இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க."

பிறகு ஹெலி வரவேயில்லை. வருடம் முடிந்ததும் சோலார் பலகைகள் வந்தன. பூட்டி முடித்த அன்று ராத்தா ஒவ்வொரு பலகையையும் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். "இது ஈக்கும்" என்று சொல்லிவிட்டு, எங்கள் எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு, பிலிமத்தலாவை பஸ் ஏறினார். இப்போதும் மழைக் காற்று அடித்தால் எனக்குப் போன் வரும். சுகம் விசாரிப்பதற்குமுன் கேட்பார்: "புள்ள, உடுப்பெல்லாம் எடுத்தாச்சா?"

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்தக் கல்யாணத்துச் சாயந்தரம்தான். முதலாளி போய், கலஹா பஸ் பிடிக்கிறவர்கள் போய், பாத்திரம் கழுவுகிறவர்கள் மட்டும் மிச்சம். கடைசி இரண்டு இலைகளில் ராத்தாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் பழக்கத்தில் ஒரு கல்லை எடுத்து அவர் இலை நுனியில் வைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"வேணாம் புள்ள. இனி என்னத்துக்கு?"

மிச்சமிருந்த அப்பளத்தில் ஒன்றைக் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி இலையில், சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். லேக் பக்கமிருந்து காற்று வந்தது. அப்பளம் எழும்பியது. இலையிலிருந்து குதித்து, சக்கரம் போல உருண்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி, அவர் தேய்த்து வெள்ளையாக்கிய எழுத்தின்மேலாக ஓடியது. பழக்கத்தில் நான் பாதி எழும்பிவிட்டேன்.

ராத்தா எழும்பவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே அது வலைவரை போவதைப் பார்த்திருந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"பாத்தீங்களா, நான் சொன்னன்தானே. சரியாப் பறக்கும் எண்டு."